வெறுங்கையோடு திரும்பும் மாறிகள்: ஸ்கிரிப்ட்டிலிருந்து காம் மெத்தடை அழைப்பதில் வரும் சிக்கல்கள்

பல ஆண்டுகளுக்கு முன், வேலை பார்த்த அலுவலகத்துக்காகச் சிறிய விபிஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். கணினியில் ஓடும் ஒவ்வொரு புராசஸும் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸின் டபிள்யூஎம்ஐ தரும் வின்32-புராசஸ் ஆப்ஜெக்ட்டில் கெட்-ஓனர்-சிட் என்று ஒரு மெத்தட் உண்டு. அதற்கு ஒரே ஒரு பாராமீட்டர். அதுவும் வெளியீட்டுப் பாராமீட்டர். காலி மாறி ஒன்றைக் கொடுத்தால் பயனரின் பாதுகாப்பு அடையாள எண்ணை அதில் நிரப்பித் தர வேண்டும். என் ஸ்கிரிப்ட் ஒரு பிழையும் காட்டாமல் ஓடி முடிந்தது. மாறி மட்டும் காலியாகவே இருந்தது. அனுமதி போதவில்லையோ என்று அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டிப் பார்த்தேன். டபிள்யூஎம்ஐ சர்வீஸைச் சந்தேகித்தேன். வேறு கணினிக்கு மாற்றினேன். இரண்டு நாள் போயிற்று. மெத்தட் பெயருக்குப் பின்னால் நான் போட்டிருந்த ஒரு ஜோடி அடைப்புக்குறிதான் காரணம். அவற்றை எடுத்துவிட்டு, இடைவெளி விட்டு மாறியின் பெயரை எழுதியதும் எண் வந்துவிட்டது.

ஸ்கிரிப்ட்டிலிருந்து காம் மெத்தடை அழைக்கும்போது வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த ரகம்தான். கொடுக்கும் மதிப்பு சரி, காம்பொனன்ட் சரி, அனுமதியும் சரி. ஸ்கிரிப்ட்டுக்கும் காம்பொனன்ட்டுக்கும் நடுவில் அந்த மதிப்பு எந்த வகை முத்திரையோடு, நகலாகவா இல்லை முகவரியாகவா போயிற்று என்பதில்தான் கோளாறு. மதிப்பை மாற்றி மாற்றிப் பார்ப்பதற்கு முன் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. பிழைச் செய்தி அநேகமாக இதைச் சொல்லாது. ஸ்கிரிப்ட் மொழி ஒவ்வொன்றும் இந்த இடத்தில் என்ன செய்கிறது என்று வரிசையாகப் பார்த்துவிட்டால், அந்த இரண்டு நாள் மற்றவர்களுக்கு மிஞ்சும்.

நடுவில் நடப்பது என்ன

காம்பொனன்ட் ஆப்ஜெக்ட் மாடல் என்பதன் சுருக்கம் காம். 1993-இல் ஓஎல்இ 2 உடன் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. சி++ மொழியில் எழுதுபவர் காம்பொனன்ட்டின் வரையறையைக் கம்பைலரிடம் முன்பே கொடுத்துவிடுகிறார். எந்தப் பாராமீட்டர் எந்த வகை என்பது நிரல் ஓடும் முன்னரே தீர்ந்துவிடும். ஸ்கிரிப்ட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஐடிஸ்பேட்ச் என்ற இடைமுகத்தின் வழியாக விசாரித்து அழைக்கிறது. அந்த இடைமுகத்துக்கென்று நான்கே மெத்தட்கள். நமக்கு வேண்டியவை இரண்டு: மெத்தடின் பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண்ணைத் தருவது ஒன்று, அந்த எண்ணையும் பாராமீட்டர்களையும் கொடுத்தால் மெத்தடை ஓட்டும் இன்வோக் இன்னொன்று.

இன்வோக்குக்குப் போகும் பாராமீட்டர் ஒவ்வொன்றும் வேரியன்ட் என்ற உறைக்குள் வைக்கப்படுகிறது. 32-பிட் விண்டோஸில் அது 16 பைட், 64-பிட்டில் 24 பைட். உறையின் முதல் இரண்டு பைட்டில் வகை எண் இருக்கும். 2 என்றால் சிறிய முழு எண், 3 என்றால் 32-பிட் முழு எண், 5 இரட்டைத் துல்லியத் தசம எண், 7 தேதி, 8 சரம், 9 ஆப்ஜெக்ட், 11 பூலியன், 12 உறைக்குள் இன்னோர் உறை. அரே என்றால் இதோடு 8192 கூடும். மதிப்பின் நகல் அல்ல, அது இருக்கும் இடத்தின் முகவரி என்றால் 16384 கூடும். விபிஸ்கிரிப்ட்டில் ஓர் அரேயின் வகையைக் கேட்டால் 8204 என்று வருவதன் காரணம் இதுவே: 8192, அதோடு 12.

வெளியீட்டுப் பாராமீட்டர் வேலை செய்ய அந்த 16384 இருந்தே ஆக வேண்டும். முகவரி தெரிந்தால்தானே காம்பொனன்ட் விடையை எழுதி வைக்க முடியும்? நகல் போனால் அது நகலின்மேல் எழுதும். அழைப்பு முடிந்ததும் நகல் அழிந்துவிடும். யாருக்கும் பிழை தெரியாது. என் அடைப்புக்குறி செய்ததும் இதைத்தான்.

இன்னொரு நுணுக்கம் சி++ பக்கத்திலிருந்து பிழை தேடுபவர்களை வெகுவாகக் குழப்பும். பாராமீட்டர்கள் இன்வோக்குக்குத் தலைகீழ் வரிசையில் போகின்றன. கடைசிப் பாராமீட்டர் முதல் இடத்தில் இருக்கும். எந்தப் பாராமீட்டரில் தவறு என்று திருப்பிச் சொல்லும் எண்ணும் அதே தலைகீழ்க் கணக்கில்தான் வரும். பதிவேட்டில் பூஜ்யம் என்று பார்த்துவிட்டு முதல் பாராமீட்டரைத் தோண்டிக்கொண்டிருப்பவர் உண்மையில் கடைசிப் பாராமீட்டரைப் பார்க்க வேண்டியவர்.

விபிஸ்கிரிப்ட்: அடைப்புக்குறியும் வகைப் பொருத்தமும்

1996-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3 உடன் வந்த விபிஸ்கிரிப்ட்டில் எல்லா மாறியும் வேரியன்ட்தான். வேறு வகையை அறிவிக்கவே வழியில்லை. இந்த எளிமை பல சிக்கல்களுக்கு வேர்.

முதலில் அடைப்புக்குறியை முடித்துவிடுவோம். இந்த மொழியில் மெத்தடை ஒரு தனி வாக்கியமாக அழைத்தால் பாராமீட்டர்களுக்கு அடைப்புக்குறி கூடாது. திரும்பி வரும் மதிப்பை ஒரு மாறியில் வாங்கினாலோ, கால் என்ற சொல்லைப் போட்டு அழைத்தாலோ அடைப்புக்குறி வேண்டும். இந்த விதியை மறந்து இரண்டு பாராமீட்டரை அடைப்புக்குறிக்குள் எழுதினால், சப்-ஐ அழைக்க அடைப்புக்குறி கூடாது என்று 1044-ஆம் எண் பிழை வந்து நம்மைக் காப்பாற்றிவிடும். ஒரே பாராமீட்டராக இருந்தால் பிழை வராது. அடைப்புக்குறியை அது மெத்தடுக்கு உரியதாக எடுத்துக்கொள்வதில்லை. கணக்கில் போடுவோமே, அந்த அடைப்புக்குறியாக எடுத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மதிப்பிட்டு, கிடைத்த விடையின் நகலை அனுப்புகிறது. மாறி வீட்டிலேயே இருந்துவிடுகிறது. ஒற்றை வெளியீட்டுப் பாராமீட்டர் உள்ள மெத்தட்கள் எல்லாமே இந்தப் பொறிக்குள் விழும். மெத்தடுக்கு மாறிக்குப் பதிலாக இன்னோர் ஆப்ஜெக்ட்டின் பண்பை நேரடியாகக் கொடுத்தாலும் இதே கதிதான். விடை ஒரு தற்காலிக இடத்தில் எழுதப்பட்டு மறைந்துபோகும்.

அடுத்தது, இதற்கு நேர் எதிரான தொல்லை. மாறியை ஒழுங்காக, முகவரியோடு அனுப்புகிறோம். 13-ஆம் எண் பிழை வருகிறது, வகை பொருந்தவில்லை என்று. அடியில் அது ஹெக்ஸ் எண்ணில் 80020005. மாறியில் இருப்பது சரம்; மெத்தட் கேட்பதும் சரம். பிறகென்ன பொருந்தவில்லை?

விபிஸ்கிரிப்ட் அனுப்புவது சரத்தின் முகவரி அல்ல. சரத்தை உள்ளே வைத்திருக்கும் வேரியன்ட்டின் முகவரி. மெத்தட் கேட்பதோ சரம் இருக்கும் இடத்தின் முகவரி. நகலாக இருந்தால் நடுவில் உள்ள ஏற்பாடு வகையை மாற்றிக் கொடுத்துவிடும். முகவரியை அப்படி மாற்ற முடியாது. அங்கே போய் எழுதப் போகிறவர் வேறு வடிவத்தில் எழுதுவார் என்பதால். ஆகவே மறுத்துவிடுகிறது.

வலைப்பக்கங்களை விபிஸ்கிரிப்ட்டில் எழுதிய ஏஎஸ்பி காலத்தில் இது பலரை அலைக்கழித்ததற்கு ஒரு காரணம் உண்டு. விஷுவல் பேசிக் 6-இல், பைவேல் என்று எழுதாவிட்டால் பாராமீட்டர் தானாகவே முகவரி வழியாக வாங்கப்படும். காம்பொனன்ட் எழுதியவர் உள்ளே எதையும் மாற்றப் போவதில்லை, வெறும் உள்ளீடுதான். ஆனாலும் அந்த ஒரு சொல்லை எழுத மறந்ததால் அது உள்ளீடும் வெளியீடுமாக அறிவிக்கப்பட்டுவிடும். விஷுவல் பேசிக்கிலிருந்தே சோதித்துப் பார்த்தால் ஓடும். ஏஎஸ்பி பக்கத்திலிருந்து அழைத்தால் வகை பொருந்தாது என்று நிற்கும். வழி இரண்டு. விடை திரும்பத் தேவையில்லை என்றால் வேண்டுமென்றே அடைப்புக்குறிக்குள் வைத்தோ, சிஸ்டர், சிஎல்என்ஜி போன்ற மாற்றுச் செயற்கூறுகளால் சுற்றியோ நகலாக அனுப்பலாம். முன்பு நம்மைக் கவிழ்த்த அதே அடைப்புக்குறி இங்கே மருந்தாகிறது. விடை திரும்பத் தேவை என்றால் ஸ்கிரிப்ட் பக்கத்தில் செய்ய ஒன்றுமில்லை. காம்பொனன்ட் அந்தப் பாராமீட்டரை வேரியன்ட் என்று அறிவித்திருக்க வேண்டும்.

சரி, மதிப்பே அல்லாமல் வேறேதோ போகும் நிலைகளும் உண்டு. தரவுத்தளத்தைப் படிக்க உதவும் ஏடிஓவின் ரெக்கார்ட்செட்டிலிருந்து ஒரு புலத்தைப் பெயர் சொல்லி எடுத்து நேரடியாக மெத்தடுக்குக் கொடுத்தால், போவது அந்தப் புலத்தின் மதிப்பல்ல, ஃபீல்டு என்ற ஆப்ஜெக்ட். திரையில் எழுதும்போது அதன் இயல்புப் பண்பான மதிப்பு தானாக வந்துவிடுவதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அதையே ஸ்கிரிப்டிங் டிக்ஷனரியில் சேர்த்து வைத்தால் உள்ளே ஆப்ஜெக்ட்கள்தான் சேரும். ரெக்கார்ட்செட்டை மூடியபின் எடுத்துப் பார்த்தால் மதிப்பு இருக்காது. புலத்தின் பெயருக்குப் பின் புள்ளி வைத்து வேல்யூ என்று எழுதும் பழக்கத்தை நான் வற்புறுத்துவது இதனால்தான். எழுத்து மிச்சம் பிடிக்கும் இடமல்ல அது.

எண்களிலும் கவனம் வேண்டும். ஹெக்ஸில் நான்கு எஃப் போட்டால் 65535 என்றுதான் யாரும் நினைப்பார்கள். விபிஸ்கிரிப்ட் அதை 16-பிட் எண்ணாகக் கொண்டு -1 என்கிறது. இறுதியில் ஓர் ஆம்பர்சண்ட் குறி சேர்த்தால்தான் 65535. கொடிக் குறிகளைக் கூட்டி அனுப்பும் மெத்தட்களில் இந்த -1 எல்லாக் கொடிகளையும் ஏற்றிவிடும். குறியில்லா 32-பிட் எண் போன்ற வகைகளைக் காம்பொனன்ட் திருப்பித் தந்தால், இந்த மொழி ஆதரிக்காத வகை என்று 458-ஆம் எண் பிழை வரும். சரங்களால் மட்டுமே ஆன அரேயைத் திருப்பித் தந்தால் அதன் நீளத்தைக் கேட்கலாம், உறுப்பைத் தொட்டால் பிழை; வேரியன்ட்களால் ஆன அரேதான் இங்கே செல்லுபடி.

எக்செலில் மேக்ரோவாகப் பதிந்ததை அப்படியே விபிஸ்கிரிப்ட்டில் ஒட்டுபவர்களுக்கும் ஒரு சொல். பெயர் சொல்லிப் பாராமீட்டர் கொடுக்கும் வசதி இங்கே இல்லை. வரிசைப்படி கொடுக்க வேண்டும், விட்டுவிடுவதற்குக் காற்புள்ளி மட்டும் போட வேண்டும். எக்ஸ்எல்-அப் போன்ற மாறிலிகளும் ஸ்கிரிப்ட்டுக்குத் தெரியாது. தெரியாத பெயரைக் கண்டால் அது ஒரு புதிய காலி மாறியை உண்டாக்கி அதை அனுப்பும். -4162 போக வேண்டிய இடத்தில் வெறுமை போகும். ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட் என்ற முதல் வரி இதை உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

வெறுமையில் நான்கு வகை

இந்த வெறுமை என்பதே ஒன்றல்ல. மதிப்பு இன்னும் வைக்கப்படாதது எம்ப்டி, வகை எண் 0. மதிப்பு இல்லை என்று தெரிந்தே சொல்வது நல், வகை எண் 1. ஆப்ஜெக்ட் வர வேண்டிய இடத்தில் ஆப்ஜெக்ட் இல்லை என்பது நத்திங். வகை எண் 9-ஆகவே இருக்கும், உள்ளே முகவரி மட்டும் பூஜ்யம். விருப்பப் பாராமீட்டரைக் கொடுக்காமல் விட்டது நான்காவது. அது பிழை வகை உறையில், ஹெக்ஸ் 80020004 என்ற எண்ணோடு போகும். இந்த எண்ணைப் பார்த்தால் பிழை என்று பயப்பட வேண்டாம். பாராமீட்டர் தரப்படவில்லை என்பதற்கான குறி அது.

நல் என்று போனதை நத்திங் என்று எடுத்துக்கொள்ளும் பெருந்தன்மை எல்லாக் காம்பொனன்ட்டுக்கும் கிடையாது. ஒரு மொழியில் ஓடுவதை இன்னொன்றுக்கு மாற்றும்போது இது தெரியவரும். ஜேஸ்கிரிப்ட்டில் நல் என்பது வகை 1, அன்டிஃபைன்ட் என்பது வகை 0. பைத்தானின் பைவின்32 நூலகத்தில் நன் என்று கொடுத்தால் வகை 1 போகும். டாட்நெட் வழியே போகும் நல், வேரியன்ட் பாராமீட்டரில் வகை 0. பார்ப்பதற்கு ஒரே சொல், போவது வேறு. பவர்ஷெல்லில் விருப்பப் பாராமீட்டரை விட வேண்டுமானால் டைப் வகுப்பின் மிஸ்ஸிங் என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும். பைவின்32-இல் எம்ப்டி, மிஸ்ஸிங், நத்திங் என்று மூன்றும் தனித்தனிப் பெயரோடு பைதன்காம் தொகுதியில் இருக்கின்றன. இந்த வேறுபாட்டை ஒளிக்காமல் பெயர் சூட்டி வைத்தது நல்ல காரியம்.

ஜேஸ்கிரிப்ட்

இங்கே விஷயம் சுருக்கமானது: காம் மெத்தடின் வெளியீட்டுப் பாராமீட்டரை இந்த மொழி ஆதரிக்கவே இல்லை. எல்லாம் நகலாகத்தான் போகும். அதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. விஷுவல் பேசிக் 6-இல் பைவேல் மறந்து எழுதிய அந்தக் காம்பொனன்ட்டை ஜேஸ்கிரிப்ட்டிலிருந்து அழைத்தால் பிழையின்றி ஓடும், விபிஸ்கிரிப்ட்டிலிருந்து அழைத்தால் நிற்கும். இதைக் கண்டு காம்பொனன்ட் சரி, விபிஸ்கிரிப்ட்தான் மோசம் என்று முடிவுகட்டுவது தவறு. ஜேஸ்கிரிப்ட் ஓடுவது விடையைத் தியாகம் செய்துதான்.

அரேக்களிலும் ஜேஸ்கிரிப்ட்டுக்கும் காமுக்கும் ஒட்டாது. ஜேஸ்கிரிப்ட் அரே ஓர் ஆப்ஜெக்ட். காம் கேட்பது சேஃப்அரே என்ற வேறு அமைப்பு. உள்ளே வருவதை விபிஅரே என்ற ஆப்ஜெக்ட்டின் டு-அரே மெத்தடால் மாற்றலாம். வெளியே அனுப்புவதற்கு ஸ்கிரிப்டிங் டிக்ஷனரியில் ஒவ்வொன்றாகச் சேர்த்து, அதன் ஐட்டம்ஸ் மெத்தடை அழைத்தால் வருவது அசல் சேஃப்அரே. அதை அப்படியே கொடுக்கலாம். சுற்றுவழிதான், ஆனால் நம்பகமான சுற்றுவழி.

டபிள்யூஎம்ஐயில் இரண்டு பாதை

விண்டோஸ் நிர்வாகிகள் வெளியீட்டுப் பாராமீட்டரைச் சந்திப்பது அதிகமும் இங்கேதான். புராசஸின் கெட்-ஓனர் பயனர் பெயரையும் டொமைனையும் இரண்டு வெளியீடாகத் தரும். கிரியேட் மெத்தட் புதிய புராசஸின் எண்ணை நான்காவது பாராமீட்டரில் தரும். ரெஜிஸ்ட்ரியைப் படிக்கும் எஸ்டிடி-ரெக்-ப்ரோவ் வகுப்பில் மதிப்பு நான்காவது பாராமீட்டரில் வருகிறது. மூன்றிலும் மெத்தட் நேரடியாகத் திருப்பித் தருவது வெற்றி தோல்வி எண் மட்டும். கிரியேட் 0 தந்தால் வெற்றி, 2 அனுமதி மறுப்பு, 9 பாதை கிடைக்கவில்லை, 21 பாராமீட்டர் தவறு. இந்த எண்ணை வாங்கிப் பார்க்காமல் வெளியீட்டு மாறியை மட்டும் பார்ப்பவர் நோயாளியைப் பார்க்காமல் மருந்துச் சீட்டை மட்டும் படிப்பவர்.

முதல் பாதை, மாறிகளைக் கொடுத்து நேரடியாக அழைப்பது. இரண்டாவது, மெத்தடின் உள்ளீட்டுப் பாராமீட்டர்களுக்கென்று ஓர் ஆப்ஜெக்ட்டை இன்-பாராமீட்டர்ஸ் வழியாக உருவாக்கி, பெயர் சொல்லி மதிப்புகளை நிரப்பி, எக்ஸெக்-மெத்தட் மூலம் ஓட்டி, விடைகளை இன்னோர் ஆப்ஜெக்ட்டின் பண்புகளாக வாங்குவது. எழுத்து கூடுதல். ஆனால் முகவரி, நகல், அடைப்புக்குறி என்ற பேச்சே அங்கே எழுவதில்லை. ஜேஸ்கிரிப்ட்டில் இதுதான் ஒரே வழி. விபிஸ்கிரிப்ட்டிலும் நான் இதையே சிபாரிசு செய்வேன், பாராமீட்டர் மூன்றைத் தாண்டும்போது கண்டிப்பாக.

விடை வந்தபின்னும் ஓரிரண்டு வழுக்கல் உண்டு. துணைச் சாவி இல்லாத ரெஜிஸ்ட்ரிச் சாவியை எனம்-கீ மூலம் கேட்டால் காலி அரே வராது, நல் வரும். அதை அப்படியே சுற்றுக்குள் விட்டால் பிழை. அரேதானா என்று கேட்டுவிட்டு நுழைய வேண்டும். 64-பிட் குறியில்லா எண்கள் ஸ்கிரிப்ட்டுக்குச் சரமாகத்தான் வருகின்றன. வட்டில் மீதமுள்ள இடத்தை இரண்டு டிரைவுக்கு ஒப்பிடும்போது அவை எழுத்தாக ஒப்பிடப்படும்; 9-இல் தொடங்கும் சிறிய எண் 1-இல் தொடங்கும் பெரிய எண்ணைவிடப் பெரிதாகிவிடும். எண்ணாக மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விடக் கொடியது, பிழை வந்தாலும் அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் என்ற வரியைக் கோப்பின் தலையில் எழுதிவிட்டு மறந்துவிடுவது. சுற்றுக்குள் ஒரு புராசஸ் நடுவிலேயே முடிந்துபோனால் அழைப்பு தோற்கும். வெளியீட்டு மாறியில் முந்தைய சுற்றின் பெயர் அப்படியே இருக்கும். அறிக்கையில் யாருடைய புராசஸோ இன்னொருவர் பெயரில் ஏறும். காலியாக வந்தால் சந்தேகப்படுவோம். தவறான பெயரோடு வந்தால் நம்பிவிடுவோம். ஒவ்வொரு அழைப்புக்கு முன்னும் மாறியை எம்ப்டி ஆக்கிவிடுவது ஒரு வரிச் செலவு.

ஏடிஓ: தாமதமாக வரும் விடை

தரவுத்தளத்தின் ஸ்டோர்டு புரொசீஜரை அழைக்கும்போது கதை சற்று மாறுகிறது. இங்கே பாராமீட்டரே ஓர் ஆப்ஜெக்ட். திசையை நாம்தான் எண்ணால் சொல்கிறோம்: 1 உள்ளீடு, 2 வெளியீடு, 3 இரண்டும், 4 திரும்பும் மதிப்பு. எஸ்கியூஎல் சர்வரில் நான்காவது வகையை முதலில் சேர்க்க வேண்டும், இல்லையேல் எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். நீளம் மாறும் சரத்துக்கு நீளத்தைச் சொல்லாவிட்டால், பாராமீட்டர் சரியாக வரையறுக்கப்படவில்லை என்று 3708-ஆம் எண் பிழை.

எல்லாம் சரியாக இருந்தும் வெளியீட்டுப் பாராமீட்டர் காலியாக இருப்பதுதான் இங்கே அடிக்கடி கேட்கும் புகார். புரொசீஜர் வரிசைகளையும் தருகிறது, வெளியீட்டையும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். எஸ்கியூஎல் சர்வர் முதலில் வரிசைகளை அனுப்புகிறது. வெளியீட்டு மதிப்புகள் அவற்றுக்குப் பின்னால்தான் வருகின்றன. சர்வர் பக்கக் கர்சரில் ரெக்கார்ட்செட் திறந்திருக்கும்வரை அவை இன்னும் வந்து சேரவில்லை. ரெக்கார்ட்செட்டை முழுக்கப் படித்து மூடிய பிறகு பாருங்கள், மதிப்பு இருக்கும். கிளையன்ட் பக்கக் கர்சர் எல்லா வரிசையையும் ஒரேயடியாக இழுத்துவிடுவதால் இந்தத் தாமதம் தெரிவதில்லை. எனவே ஒருவர் கணினியில் ஓடுகிறது, இன்னொருவர் கணினியில் ஓடவில்லை என்ற சண்டை வந்தால் முதலில் கர்சர் இருப்பிடத்தைக் கேளுங்கள்.

பவர்ஷெல்லும் பைத்தானும்

2006-இல் வந்த பவர்ஷெல்லில் அடைப்புக்குறிக் குழப்பம் போயிற்று. மெத்தட் அழைப்புக்கு அது எப்போதும் வேண்டும். முகவரியாக அனுப்ப மாறிக்கு முன்னால் சதுர அடைப்புக்குறிக்குள் ரெஃப் என்று எழுத வேண்டும். அந்த மாறி முன்பே இருந்தாக வேண்டும். இல்லாத மாறிக்கு ரெஃப் போட முடியாது. மெத்தட் எதிர்பார்க்கும் வகையில் ஒரு தொடக்க மதிப்பு, எண்ணுக்கு 0, சரத்துக்கு வெறுஞ்சரம், வைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

ரெஃப் வெளியீட்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வேர்டின் சேவ்-ஆஸ் மெத்தடில் கோப்புப் பெயர் உள்ளீடுதான்; ஆனால் அது வேரியன்ட்டின் முகவரியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதனால் பழைய பவர்ஷெல் பதிப்புகள், இந்தப் பாராமீட்டருக்கு ரெஃப் வேண்டும் என்று பிழை காட்டின. கோப்புப் பெயருக்கும், பிடிஎஃப் வடிவத்தைக் குறிக்கும் 17-க்கும் ரெஃப் போட்டால்தான் ஓடியது. அரேக்களைப் பொறுத்தவரை, ஒரே உறுப்புள்ள அரேயைச் செயற்கூறிலிருந்து திருப்பினால் பவர்ஷெல் அதைப் பிரித்துத் தனி மதிப்பாக்கிவிடும். அரே கேட்கும் காம் மெத்தட் மறுக்கும். மூன்று பேர் பட்டியலில் ஓடியது ஒருவர் பட்டியலில் நின்றால் இதுதான். சர அரே என்று வகை குறித்தால் சரங்களின் சேஃப்அரே போகும், குறிக்காவிட்டால் வேரியன்ட்களின் சேஃப்அரே போகும். காம்பொனன்ட் எதைக் கேட்கிறது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும்.

பைத்தானில் மார்க் ஹாமண்ட் உருவாக்கிய பைவின்32 வேறொரு வழியை எடுத்தது. காம்பொனன்ட்டின் மெத்தட் அறிவிப்புகள் அடங்கிய டைப் லைப்ரரியைப் படித்து மேக்பை என்ற கருவி உருவாக்கும் வகுப்புகளைப் பயன்படுத்தினால், வெளியீட்டுப் பாராமீட்டர்கள் திரும்பும் மதிப்போடு சேர்ந்து ஒரு டியூப்பிளாக வந்துவிடும். என் பார்வையில் இது எல்லாவற்றிலும் தெளிவான ஏற்பாடு: கொடுப்பது எல்லாம் வலப்பக்கம், வாங்குவது எல்லாம் இடப்பக்கம். ஆனால் டைப் லைப்ரரி இல்லாமல், வெறும் டிஸ்பேட்ச் மூலம் அழைத்தால் எது வெளியீடு என்று அதற்குத் தெரியாது. விடை தொலைந்துபோகும், அல்லது வகை பொருந்தாது. சாலிட்வொர்க்ஸ் வடிவமைப்பு மென்பொருளின் ஓப்பன்-டாக்6 மெத்தடின் கடைசி இரண்டு பாராமீட்டர்கள், பிழைகளும் எச்சரிக்கைகளும், 32-பிட் எண்களாகத் திரும்புபவை. பைத்தானில் வெறும் 0 கொடுத்துத் தடுமாறுபவர்கள், வேரியன்ட் என்ற வகுப்பில் முகவரிக் கொடியும் 32-பிட் எண் வகையும் சேர்த்து இரண்டு உறைகளைத் தாமே செய்து கொடுத்தால் ஓடுவதைக் காணலாம். அழைப்புக்குப் பின் அவற்றின் வேல்யூ பண்பில் விடை இருக்கும். வகை முத்திரையையும் முகவரிக் கொடியையும் நம் கையால் எழுதும் வாய்ப்பு ஸ்கிரிப்ட் மொழிகளில் அபூர்வம்; முடிச்சு அவிழாதபோது பைத்தானில் சோதித்துப் பார்ப்பது அதனால் உதவும்.

தமிழ் எழுத்து போகும்போது

சரம் காம் எல்லையைக் கடக்கும்போது பிஎஸ்டிஆர் வடிவில், யூடிஎஃப்-16 குறியீட்டில் போகிறது. தமிழுக்கு அதில் தடையே இல்லை. ஆனாலும் தமிழ்ப் பெயரைக் கொடுத்தால் கேள்விக்குறிகளாகப் போகிறது என்ற புகார் உண்டு. காரணம் எல்லையில் இல்லை, ஸ்கிரிப்ட் கோப்பில் இருக்கிறது. விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் ஆன்சி கோப்பையும் யூடிஎஃப்-16 கோப்பையும் படிக்கும். யூடிஎஃப்-8 கோப்பைப் புரிந்துகொள்ளாது. தொடக்கக் குறியோடு யூடிஎஃப்-8-இல் சேமித்தால் முதல் வரி முதல் எழுத்திலேயே பிழை. நோட்பேடில் யூடிஎஃப்-16 என்று, பழைய பதிப்புகளில் யூனிகோட் என்று, சேமிக்க வேண்டும். விண்டோஸ் பவர்ஷெல் 5.1-இல் இதற்கு எதிர்மறை: தொடக்கக் குறி இல்லாத யூடிஎஃப்-8 கோப்பை ஆன்சி என்று நினைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, பிழைச் செய்தி நம்மை எங்கே திருப்பிவிடும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஃபைல்-சிஸ்டம்-ஆப்ஜெக்ட் கொண்டு ஒரு கோப்பைத் திறந்து அதில் தமிழ் வரியை எழுதினால் 5-ஆம் எண் பிழை வரும்: தவறான அழைப்பு அல்லது பாராமீட்டர். எல்லோரும் எழுதும் வரியைப் பார்ப்பார்கள். அங்கே ஒரு தவறும் இல்லை. சில வரிகளுக்கு மேலே, கோப்பைத் திறந்தபோது நான்காவதாக உள்ள விருப்பப் பாராமீட்டரை விட்டுவிட்டோம், விட்டால் ஆன்சி. அந்த இடத்தில் -1 கொடுத்தால் யூனிகோடாகத் திறக்கும், தமிழ் எழுதப்படும். புதிதாக உருவாக்கும் மெத்தடில் மூன்றாவது பாராமீட்டர் ட்ரூ. யூடிஎஃப்-8 ஆகவே வேண்டுமென்றால் ஏடிஓவின் ஸ்ட்ரீம் ஆப்ஜெக்ட்டுக்குப் போக வேண்டும். நீளம் கேட்கும் மெத்தட்களுக்கு இன்னோர் எச்சரிக்கை: கி என்ற ஓர் எழுத்து இரண்டு குறியீடுகள். 10 எழுத்துப் பெயருக்கு 10 என்று நீளம் கொடுத்தால் கொம்பும் காலும் புள்ளியும் துண்டாகி நிற்கும்.

எங்கிருந்து தொடங்குவது

டைப் லைப்ரரியிலிருந்துதான். ஓஎல்இ வியூவர் என்ற கருவியில் காம்பொனன்ட்டைத் திறந்தால் ஒவ்வொரு மெத்தடின் அறிவிப்பும் தெரியும்: எது உள்ளீடு, எது வெளியீடு, எது திரும்பும் மதிப்பு, எந்த இடத்தில் முகவரி. பவர்ஷெல்லில் கெட்-மெம்பர் ஓட்டினாலும் பாராமீட்டர் வகைகளைப் பார்க்கலாம். அடுத்து, நம் பக்கம் போகும் மதிப்பின் வகை. விபிஸ்கிரிப்ட்டில் டைப்நேம், வார்டைப் இரண்டும் போதும். அழைப்புக்கு முன் ஒரு வரி, பின் ஒரு வரி. ஃபீல்டு என்று வந்தால் வேல்யூ எழுதவில்லை. எம்ப்டி என்று வந்தால் நிரப்பப்படவில்லை. நல் என்று வந்தால் நிரப்பப்பட்டது, விடைதான் இல்லை. இந்த இரண்டையும் பிரித்தறிந்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.

காம்பொனன்ட் எழுதுபவர்களிடம் கேட்க வேண்டியதும் உண்டு. ஸ்கிரிப்ட்டிலிருந்து அழைக்கப்படும் மெத்தடுக்கு ஒரே விடை என்றால் அதைத் திரும்பும் மதிப்பாக அறிவியுங்கள். எல்லா மொழியிலும் ஓடும். பல விடைகள் என்றால் அவற்றைப் பண்புகளாகக் கொண்ட ஓர் ஆப்ஜெக்ட்டைத் திருப்புங்கள். வெளியீட்டுப் பாராமீட்டர் தவிர்க்க முடியாதென்றால் வேரியன்ட் ஆக்குங்கள். வரும் வேரியன்ட்டைத் திறக்கும்போது உறைக்குள் உறை, முகவரிக்குள் முகவரி என்று விபிஸ்கிரிப்ட் அனுப்பும் என்பதை நினைத்து, வேரியன்ட்-காப்பி-இண்ட் கொண்டு அவிழ்த்துவிட்டு வகையைச் சோதியுங்கள். அழைப்பவர் இந்த நுணுக்கம் தெரியாத நிர்வாகியாகவோ கணக்காளராகவோ இருக்கலாம். அவருடைய இரவு இதில் போகிறது. வெற்றி வகைக் குறியீடுகளில் எஸ்-ஃபால்ஸ் போன்றவற்றையும் நம்ப வேண்டாம். தோல்வி அல்லாத எதையும் ஸ்கிரிப்ட் வெற்றி என்றே எடுத்துக்கொள்ளும், வித்தியாசம் அதன் கண்ணுக்குத் தெரியாது.

2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் விபிஸ்கிரிப்ட்டைக் கைவிடும் முடிவை அறிவித்தது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து அது தேவைக்கேற்ப நிறுவும் கூறாகியிருக்கிறது; 2027 வாக்கில் இயல்பாக இயங்காத நிலைக்கு வரும் என்பது திட்டம். ஆகவே பழைய ஸ்கிரிப்ட்களைப் பவர்ஷெல்லுக்கு மாற்றும் வேலை பல அலுவலகங்களில் நடக்கிறது. அதைச் செய்பவர்கள் வரிக்கு வரி மாற்றாமல், ஒவ்வொரு காம் அழைப்பிலும் எந்த மாறி வெளியீடாக நிரம்புகிறது என்று முதலில் குறித்துக்கொண்டால் நல்லது. பழைய மொழியில் அது எந்த அடையாளமும் இல்லாமல் சாதாரண மாறியாகத்தான் நிற்கும். என் பழைய கெட்-ஓனர்-சிட் ஸ்கிரிப்ட்டும் அப்படி மாறிவிட்டது. இப்போது இன்வோக்-சிம்-மெத்தட் அதை ஓட்டுகிறது. மாறி எதையும் அனுப்புவதில்லை, சிட் என்ற பண்போடு ஓர் ஆப்ஜெக்ட் திரும்புகிறது. கூடவே ரிட்டர்ன்-வேல்யூ என்ற பண்பும் வருகிறது. அதில் 2 இருந்தால் அனுமதி இல்லை என்று பொருள்.